திருப்பிப் போட்ட தகடு

அண்ணன் இறந்து ஒன்பது மாதம் கழித்து, அவனுடைய எலெக்ட்ரிக் கிதாரை விலைக்குக் கேட்டு பெங்களூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பழைய கிதார்களைச் சேகரிப்பவர். அண்ணனுடன் மெல்லிசைக் குழுவில் டிரம் வாசித்தவர் மூலமாக அவருக்கு ஒரு புகைப்படம் போயிருக்கிறது. தலைப் பகுதியில் இருந்த ஃபெண்டர் என்ற எழுத்தும், வெள்ளைப் பூச்சு மஞ்சளாகப் பழுத்திருந்த விதமும் அவரை உசுப்பியிருக்க வேண்டும். 1970களின் ஸ்ட்ராட்டகாஸ்டராக இருந்து, உறுப்புகளும் அசலாக இருந்தால் லட்சத்தில் பேசலாம் என்றார். இல்லாவிட்டால், என்று கேட்டேன். இல்லாவிட்டால் அது விறகு என்றார். நல்ல மனிதர்தான். குரலில் கடுமை இல்லை. தன் துறையின் அடிப்படை உண்மை ஒன்றைப் புதிய ஆளுக்குச் சொல்லும் தொனி.

எனக்கு அந்தத் தொனி பரிச்சயமானது. நாற்பது வருஷங்களாக நான் கவிதைகளைப் பற்றி அந்தத் தொனியில்தான் எழுதி வந்திருக்கிறேன். இது அசல் குரல், இது நகல், இவர் எலியட்டை விழுங்கிவிட்டு ஏப்பம் விடுகிறார் என்றெல்லாம். கவிதைக்குக் கழுத்துத் தகடு கிடையாது, திருகிக் கழற்றிப் பார்க்க முடியாது என்ற சௌகரியம் எனக்கு இருந்தது. கிதார் விஷயத்தில் அது இல்லை.

வாசுதேவநல்லூர் மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில், சிவகிரியைத் தாண்டி, புளியங்குடிக்கு முன்னால் வருகிறது. மேற்கே மலை. கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போகப் போகக் கரிசல். அண்ணன் பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினான். இரவில், கொடைக் காலங்களில், சுற்றுவட்டாரத்து அம்மன் கோவில் மேடைகளில் லீட் கிதார் வாசித்தான். கிதாரை 1979இல் சென்னையில் வாங்கினான். வெளிநாட்டுச் சாமான் சுலபத்தில் கிடைக்காத காலம். கல்யாணத்துக்கு முன்பு அவன் சேர்த்த பணம் முழுவதும் அதில் போயிற்று என்று அம்மா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதினியிடம் விஷயத்தைச் சொன்னேன். மச்சு ஒழுகுகிறது, அடுத்த மழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். "விக்கதுன்னா வில்லுங்க தம்பி. ஆனா உள்ளதச் சொல்லி வில்லுங்க. அவுக பேருல பொய் வேண்டாம்" என்றாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த பேத்தி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனுடைய மகள் வயிற்றுப் பெண், பதினோராம் வகுப்பு. ஆறு மாதமாக அந்தக் கிதாரை எடுத்து வைத்துக்கொண்டு கைபேசியில் பாட்டுக் கேட்டுத் தடவிக்கொண்டிருக்கிறாள். மேலே போகப் போக ஸ்ருதி சேரவில்லை, தந்தி விரலை அறுக்கிறது, எப்போதும் ஒரு இரைச்சல் என்பவை அவளுடைய புகார்கள். விற்பது பற்றி அவளை யாரும் கேட்கவில்லை.

இங்கே நான் எழுதிய ஒரு கட்டுரையைச் சொல்ல வேண்டும். 1986இல் ஒரு சிறுபத்திரிகையில் மெல்லிசைக் குழுக்களைப் பற்றி எழுதினேன். 1976இல் அன்னக்கிளி வந்த பிறகு தமிழ்ச் சினிமாப் பாட்டின் வாத்தியங்கள் மாறத் தொடங்கியிருந்தன. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் பயின்றவர், ஸ்டுடியோக்களில் கிதார் வாசித்தவர். அவருடைய பாட்டுகளில் கிதாருக்குத் தனி வேலை இருந்தது. கொடைக்கு வருகிற ஜனங்கள் அந்த இடங்களை ஒரு ஸ்வரம் பிசகாமல் எதிர்பார்த்தார்கள். "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு" என்பதுதான் உச்சபட்சப் பாராட்டு. நகலுக்குக் கைதட்டும் சமூகம் என்று நான் எழுதினேன். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பீக்கரிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றுதான் இவர்களுடைய சொந்தச் சங்கீதம் என்று ஒரு வரி. நண்பர்கள் அந்த வரியை மிகவும் ரசித்தார்கள். ஒருவர் கடிதத்தில் மேற்கோள் காட்டினார்.

அண்ணன் அதைப் படித்திருக்கிறான். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில், கோபமில்லாமல் கேட்டான்: "ஏலே, நான் வாசிக்கது இளையராஜா போட்டதுன்னு மேடையிலயே சொல்லிட்டுத்தான் வாசிக்கேன். நீ எழுதுதது யார்ட்ட இருந்து எடுத்ததுன்னு எங்கயாவது சொல்லியிருக்கியா?" நான் சிரித்து மழுப்பினேன். அதற்குப் பிறகு நாங்கள் சங்கீதத்தைப் பற்றிப் பேசியதில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல்.

பெங்களூர்க்காரர் கேட்டவை ஐந்து படங்கள். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் பின்புறம் உள்ள தகடு, கழற்றிய கழுத்தின் அடிப்பாகம், உள்ளே இருக்கும் வால்யூம், டோன் கட்டைகளின் முதுகு, பிக்கப்புகளின் அடிப்புறம், பின்பக்கக் குழி. கழற்றுவதற்கு எங்கள் தெரு ஆசாரியைக் கூட்டி வந்தேன். கதவு, நிலை செய்கிறவர். தம்புரா ஒன்றுக்கு ஒட்டுப் போட்ட அனுபவம் உண்டு. பேத்தி ஒரு தட்டில் திருகுகளை வரிசையாக வைத்து, எது எந்தத் துளையுடையது என்று காகிதத்தில் எழுதிக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவள் அப்படிச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

தந்திகளைத் தளர்த்திவிட்டுக் குப்புறப் படுக்க வைத்ததுமே முதல் சந்தேகம் வந்தது. தகட்டில் நான்கு திருகுகள் இருந்தன. கம்பெனி 1971இன் கடைசியில் ஸ்ட்ராட்டகாஸ்டரின் நான்கு திருகுகளை மூன்றாகக் குறைத்தது. 1981 வாக்கில்தான் மறுபடி நான்கு வந்தது. இடைப்பட்ட கிதார் என்றால் மூன்று இருக்க வேண்டும். தவிர, 1976 வரை வரிசை எண்ணை அந்தத் தகட்டில்தான் பொறித்தார்கள். இதில் எண் இல்லை. வழவழவென்று வெறுமையாக இருந்தது. ஆசாரி நான்கையும் கழற்றித் தகட்டைக் கையில் எடுத்தார். மறுபுறம் எழுத்து இருந்தது. கழுத்துக்குள் இரும்புக்கம்பி உண்டு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழ் ஜப்பானில் செய்தது என்று ஒரு வரி. 1970களில் ஜப்பானில் செய்த மலிவான கிதார்களில் பொதுவாகக் காணும் வாசகம் இது. எழுத்து தெரியாதபடி யாரோ தகட்டைத் திருப்பிப் போட்டு, தலையில் அமெரிக்கப் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

உடல் ஒட்டுப்பலகை. பிக்கப் குழியின் விளிம்பில் அடுக்குகள் தெரிந்தன. கழுத்தின் அடியில் இருக்க வேண்டிய தேதி முத்திரை இல்லை. மேலும், கழுத்தின் துளைகளில் இரண்டு பழைய துளைகள் மரக்குச்சியால் அடைக்கப்பட்டிருந்தன. அதாவது இந்தக் கழுத்து முதலில் வேறு ஓர் உடலில் இருந்தது. ஜப்பான் கிதாரிலும் இது பாதி வேறொன்று. ஆசாரி இதைப் பெரிதுபடுத்தவில்லை. "நம்ம கோயில்ல இருக்கவரே பாதிப் பாதிதான" என்றார். எங்கள் ஊர் சிந்தாமணிநாதர் அர்த்தநாரீசுவரர்.

பிறகு கட்டைகள். மூன்றையும் தாங்கும் பிளாஸ்டிக் தகட்டைத் திருப்பினால் ஒவ்வொன்றின் முதுகிலும் ஏழு இலக்கம்: 1377422. முதல் மூன்று இலக்கம் செய்தவர் யார் என்பது. 137 என்றால் சி.டி.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம். அடுத்த இரண்டு வருஷம், கடைசி இரண்டு வாரம். 1974ஆம் வருஷத்தின் 22ஆவது வாரம். இவை நிஜமான அமெரிக்கக் கட்டைகள். ஃபெண்டர் அந்தக் காலத்தில் உபயோகித்த அதே வகை, 250 கிலோ ஓம். ஆனால் பிளாஸ்டிக் தகட்டின் துளைகள் அரத்தால் அகலப்படுத்தப்பட்டிருந்தன. ஜப்பான் கட்டையின் கழுத்து சிறியது, அமெரிக்கக் கட்டையுடையது தடித்தது. முன்பிருந்ததை எடுத்துவிட்டு இவற்றைத் திணித்திருக்கிறார்கள். கட்டையில் உள்ள தேதி கிதார் அதற்கு முன் செய்யப்பட்டதல்ல என்பதற்குச் சான்றாகலாம், அதுவும் கட்டை இடம் மாறாதிருந்தால். இங்கே அது தன் தேதியை மட்டும்தான் சொல்கிறது.

மூன்று பிக்கப்புகளில் இரண்டு ஒரே ஜாதி. அடியில் பட்டையான செராமிக் காந்தம். நடுவில் இருந்தது வேறு. அதன் சுருளைச் சுற்றிப் பருத்தி நாடா கட்டி, மேலே பழுப்பு வார்னிஷ் பூசியிருந்தது. வாசனையே காட்டிக் கொடுத்தது. பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் உபயோகிக்கும் வார்னிஷ். இந்த ஊரில் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் வரை காயில் கட்டுகிறவருக்கு வேலை உண்டு. டிரம் வாசித்தவரிடம் போனில் கேட்டேன். 1982இல் பிக்கப் செத்துப் போனதாகவும், காயில் கடைக்காரர் மோட்டார் கம்பி இதற்குத் தடிமன் என்று ஒரு பழைய ரிலேயைப் பிரித்து அதிலிருந்த மெல்லிய கம்பியைச் சுற்றியதாகவும் சொன்னார். தலைமுடி அளவுக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று, இரண்டு தடவை அறுந்து மூன்றாவது தடவை நின்றதாம். மீட்டர் வைத்தால் மற்ற இரண்டும் ஏழு கிலோ ஓமுக்குப் பக்கத்தில், இது நான்கைத் தாண்டியது. சுற்று குறைவு. அதனால் சத்தம் சற்றுக் குறைவு, ஆனால் மணி போல் தெளிவாக இருக்கிறது. பேத்தி எப்போதும் நடுப் பிக்கப்பிலேயே வைத்து வாசிக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, இதுல சொல்லு தெளிவா விழுது தாத்தா என்றாள்.

அந்தக் காயில் கடைக்காரருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த லியோ ஃபெண்டருக்கும் தெரியாது. அவர் 1954இல் ஸ்ட்ராட்டகாஸ்டரைக் கொண்டுவந்தார். 1965இல் கம்பெனியைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு விற்றார். சேகரிப்பவர்கள் அந்த வருஷத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு முந்தியவை அதிக அசல். நாங்களும் ஒரு காலத்தில் எழுத்தாளர்களை அப்படித்தான் வெகுஜனப் பத்திரிகைக்குப் போவதற்கு முன், போன பின் என்று பிரித்துவைத்திருந்தோம்.

ஆசாரிக்குப் பிக்கப்பிலும் கட்டையிலும் அக்கறை இல்லை. கழுத்தைக் கையில் வாங்கியவர் விரல் வைக்கும் பலகையை ஓரத்தில் நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "நம்ம மலையில உள்ள தோதகத்தில்லா இது" என்றார். ஈட்டி என்றும் சொல்வார்கள். 1960களின் கடைசியில் பிரேசில் தன் ஈட்டி மரக் கட்டைகளை வெளியே அனுப்புவதை நிறுத்தியதும் உலகத்துக் கிதார்க்காரர்கள் இந்திய ஈட்டியின் பக்கம் திரும்பினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் பிரதான இருப்பிடம். அப்படி வெட்டியனுப்பியதற்குப் பிறகுதான் 1994இல் தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. 2017இல் அந்த இனம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் போயிற்று. கிதார்க்காரர்கள் முறையிட்டதன் பேரில் 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். ஆசாரியின் மூக்கை நம்பினால், இந்த மரம் இங்கிருந்து போய் ஜப்பானில் பலகையாகி, வேறு பெயர் ஒட்டிக்கொண்டு, வெட்டிய மலைக்கு எதிரே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. விலை பேச வந்தவர் கேட்ட ஐந்து படங்களில் மரம் இல்லை.

பலகையில் பதித்த உலோகக் கம்பிகளை வீணையில் மெட்டு என்கிறோம். குழுவில் ஃப்ரெட் என்றார்கள். மெட்டுகள் தேய்ந்திருந்தன, ஆனால் ஒரே மாதிரி அல்ல. முதல் மூன்றில் லேசான பள்ளம், எல்லாரும் பிடிக்கிற கார்டுகள். ஐந்திலிருந்து ஒன்பது வரை இரண்டாவது, மூன்றாவது தந்திகளுக்கு அடியில் மட்டும் தேய்மானம் அகலமாகப் பக்கவாட்டில் போயிருந்தது. தந்தியை அழுத்தியபடி குறுக்கே இழுத்தால்தான் அப்படித் தேயும். கமகத்துக்காக இழுப்பது. ரெக்கார்டில் இல்லாத இழுப்புகளா என்று எனக்கு இப்போது கேட்கத் தோன்றுகிறது. அவன் வாசித்ததை நான் முழுதாக ஒரு கச்சேரிகூட உட்கார்ந்து கேட்டதில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை ஐந்து ஒற்றைத் தந்திகளாக்கி மின்சாரத்தில் வாசித்தபோது மட்டும், வாத்தியம் எதுவானால் என்ன, கமகம் பேசுகிறது என்று சபாக்களில் பரவசப்பட்டவர்களில் நான் ஒருவன்.

கழுத்து பொருந்தும் குழியில் மடித்த அட்டை ஒன்று இருந்தது. பேத்தி அதை இடுக்கியால் எடுத்துப் பிரித்தாள். குழுவின் விசிட்டிங் கார்டு. அண்ணனுடைய பெயர், லீட் கிதார், கீழே வாசுதேவநல்லூர். இரண்டாக மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறான்.

ஏன் கொடுத்தான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாளாயிற்று. ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தைச் சுமார் 45 கிலோ பாரத்தில் இழுக்கின்றன. கழுத்து முன்பக்கம் வில்லாக வளையப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடிப்பதற்காகத்தான் உள்ளே இரும்புக்கம்பி. ஆடியில் சாரல், சித்திரையில் நெருப்பு என்று மாறும் ஊரில் மரம் நாற்பது வருஷம் சும்மா இருக்காது. கம்பியின் முனையில் உள்ள நட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. அவனிடம் சரியான சாவியும் இருந்திராது. கழுத்து வளைந்து தந்தி உயர்ந்தபோது, குதிரையை இறக்கிப் பார்த்திருக்கிறான். குதிரை இதற்கு மேல் இறங்காது என்ற நிலை வந்ததும் கழுத்தையே அட்டை வைத்துச் சாய்த்திருக்கிறான். நோய் ஒன்று, மருந்து வேறொன்றுக்கு. ஆனால் மறுநாள் கச்சேரி இருந்தவனுக்கு அது மருந்துதான்.

நாங்கள் நட்டின் மேல் துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்தோம். பிறகு கால் திருப்பு, ஒரு ராத்திரி ஓய்வு, மறுபடி கால் திருப்பு. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே தந்தியை அழுத்திப் பிடித்தால் நடுவில், ஏழாவது எட்டாவது மெட்டுக்கு மேல், கால் மில்லிமீட்டர் இடைவெளி போதும். இருந்தது ஒன்றுக்கு மேல். நான்கு நாளில் அது இறங்கிற்று. கழுத்து நேரானதும் தந்தி மெட்டில் இடித்து அதிர்ந்தது, ஏனென்றால் அட்டை இப்போது அனாவசியம். அட்டையை எடுத்தோம். பன்னிரண்டாவது மெட்டில் நான்கு மில்லிமீட்டராக இருந்த உயரம் இரண்டுக்குக் கீழே வந்தது. கழுத்து முதலில், உயரம் பிறகு, ஸ்ருதி கடைசியில். இந்த வரிசையைத் தவறவிட்டால் ஒன்றைச் சரிசெய்வது மற்றதைக் கெடுக்கும்.

ஸ்ருதி விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தக் கிதாரில் தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 324இல். மிச்ச நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817ஆல் வகுத்து அடுத்த மெட்டின் இடத்தைக் கணக்கிடுகிறார்கள். கணக்கு சுத்தம். ஆனால் தந்தியை அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபட்டு ஸ்வரம் ஏறிவிடுகிறது. தடித்த தந்தி கூடுதலாக ஏறும். எனவே கணக்கு சொல்லும் நீளத்தைவிடத் தந்தி சற்று நீளமாக இருக்க வேண்டும். வீணையில் இதற்கு வழி மெழுகு. மேளம் கட்டுகிறவர் காதால் கேட்டுக் கேட்டு மெழுகில் மெட்டை நகர்த்தி உட்கார வைப்பார். கிதாரில் மெட்டு நகராது, குதிரையை நகர்த்த வேண்டும். ஒவ்வொரு தந்திக்கும் தனிக் குதிரை, தனித் திருகு. பன்னிரண்டாவது மெட்டின் மேல் விரலைப் பட்டும் படாமலும் வைத்து மீட்டினால் வரும் ஸ்வரமும், அதே மெட்டை அழுத்தினால் வரும் ஸ்வரமும் ஒன்றாக வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் குதிரையைப் பின்னால் தள்ளு. பேத்தி கைபேசியில் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஆறையும் செய்தாள். மூன்றாவது தந்தி மட்டும் மயிரிழை நின்றது. பரவால்ல, இழுத்துக்கிடலாம் என்றாள்.

இரைச்சல் மிச்சம். பின்பக்கக் குழியைத் திறந்தோம். குதிரையை இழுத்துப் பிடிக்கும் சுருள்வில்கள், அவற்றின் கொக்கி. கட்டைகளிலிருந்து ஒரு கருப்பு ஒயர் வந்து கொக்கியில் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். அது எர்த். ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியின் அதிர்வோடு சுற்றியுள்ள மின்சாரத்தின் ஐம்பது சைக்கிள் ரீங்காரத்தையும் சேர்த்துக் கேட்கும். தந்திகள் எர்த்தில் இருந்தால், வாசிப்பவன் கை அவற்றைத் தொட்டதும் ரீங்காரம் பெருமளவு அடங்கும். இங்கே ஒயர் கொக்கியைத் தொடவில்லை. அறுந்து போனதாக நினைத்தேன். பேத்தி டார்ச் அடித்துப் பார்த்து, அறுகல தாத்தா, வெட்டியிருக்கு என்றாள். கத்தரியால் நேராக வெட்டி, நுனியில் கருப்பு டேப் மூன்று சுற்றுச் சுற்றி, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது.

மறுபடி டிரம் வாசித்தவருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார். 1984, ஆடி மாதம், புளியங்குடிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அம்மன் கொடை. சாரல் பெய்து மேடை ஈரம். மைக் செட்டுக்கு ஒரு இடத்திலிருந்தும் கிதார் ஆம்ப்ளிஃபயருக்கு வேறொரு இடத்திலிருந்தும் கரண்ட் எடுத்திருக்கிறார்கள். இரண்டில் ஒன்றின் எர்த் செத்துப் போய், பெட்டியின் மேலேயே கரண்ட் நின்றிருக்கிறது. அண்ணன் ஹம்மிங் கொடுக்க மைக்கில் உதட்டை வைத்தான். கையில் தந்தி. மைக்குக்கும் தந்திக்கும் நடுவே அவன் உடம்புதான் ஒயர். பின்னால் சாய்ந்து விழுந்த வேகத்தில் உதடு மைக்கைவிட்டு விலகியதால் பிழைத்தான். வலது கை விரல்களுக்கு ஒரு மாதம் உணர்ச்சி சரியாக வரவில்லை. வீட்டில் சொல்லக் கூடாது, சொன்னால் கச்சேரிக்கு விடமாட்டார்கள் என்று சத்தியம் வாங்கிக்கொண்டானாம். எனக்கு அப்போது கிடைத்த செய்தி, வெறும் வயிற்றோடு மேடை ஏறி மயங்கி விழுந்தான் என்பது. மறுநாளே ஒயரை வெட்டிவிட்டான். வெட்டினால் தந்தியில் கரண்ட் வராது, இரைச்சல் வரும். "இரையட்டும்ன்னாரு. கொட்டாய் வயரிங்க நம்ம மாத்த முடியுமா, இதத்தான் மாத்த முடியும்ன்னாரு."

இரண்டு வருஷம் கழித்து நான் அந்த வரியை எழுதினேன். இரைச்சல்தான் இவர்களுடைய சொந்தச் சங்கீதம். அதைப் படித்தபோது அவன் என்னிடம் கேட்டது யாரிடமிருந்து எடுத்தாய் என்று மட்டும்தான். இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கழுத்துக் குழியில் இருந்த கார்டைப் பற்றியும் அன்று இரவு யோசித்தேன். அதை வைக்க வேண்டுமானால் தகட்டைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றினால் எழுத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆக அவனுக்குத் தெரியும். எத்தனையோ வருஷங்களாகத் தெரியும். தான் சேர்த்த பணம் முழுவதும் எதற்குப் போயிற்று என்பதும், தலையில் ஒட்டியிருக்கும் பெயர் பொய் என்பதும் தெரிந்து, ஒவ்வொரு தடவையும் தகட்டைப் பழையபடி திருப்பியே போட்டிருக்கிறான். பிறகு போய் வாசித்திருக்கிறான்.

பெங்களூர்க்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒட்டுப்பலகை உடல், ஜப்பான், கழுத்து வேறொன்றுடையது, நடுப் பிக்கப் வாசுதேவநல்லூர், கட்டை மூன்றும் 1974. அவர் மரியாதையாக நன்றி சொன்னார். எரிக் கிளாப்டன் மூன்று பழைய கிதார்களின் உறுப்புகளைச் சேர்த்துச் செய்துகொண்ட ஸ்ட்ராட்டகாஸ்டர், பிளாக்கி என்று அவர் பெயர் வைத்தது, 2004இல் ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனதே என்று கேட்டுப் பார்த்தேன். அதுவும் ஒட்டுதானே. "அது கிளாப்டன் சார்" என்றார். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. நானும் நாற்பது வருஷமாக அதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லி வந்திருக்கிறேன். அந்த மூன்று கட்டைகளை மட்டும் வாங்கிக்கொள்ளத் தயார், 1974 கிதார் ஒன்றுக்குத் தேவைப்படுகிறது என்றார். சொன்ன தொகை மச்சுக்குப் போதாது. ஓட்டுக்கும் தளத்துக்கும் இடையே ஒரு பகுதிக்குப் போதும்.

மதினி கேட்டாள்: "அந்த மூணையும் எடுத்தா அது பாடாதா?"

"வேற வாங்கிப் போட்டாப் பாடும்."

"அப்பக் குடுத்துருங்க. பாடுததுதான வேணும்."

புதுக் கட்டைகளைப் பேத்தியே பற்றவைத்தாள். அசலை எடுத்ததற்குப் பிறகு சத்தத்தில் என்ன வித்தியாசம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பழைய கட்டையின் கரகரப்பு போயிருந்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எர்த் ஒயரை இணைப்பதற்கு முன் எலெக்ட்ரீசியனை வரவழைத்து வீட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொன்னேன். சுத்தமாக இல்லை. புதிதாகக் குழி தோண்டிக் குழாய் இறக்கி, கசிவு 30 மில்லி ஆம்பியர் ஆனாலே இணைப்பைத் துண்டிக்கும் கருவி ஒன்றும் பலகையில் மாட்டினோம். கட்டைக்கு வந்த பணத்தில் பாதி அதற்கே போயிற்று. மதினி ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கும் 1984 தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

டேப்பைப் பிரித்து ஒயரைக் கொக்கியில் வைத்துப் பேத்தி பற்றவைத்தாள். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ரீங்காரம் கேட்டது. அவள் தந்தியில் உள்ளங்கையை வைத்ததும் அடங்கிற்று. கையை எடுத்தாள், வந்தது. வைத்தாள், போயிற்று. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

கடைசியாகக் கழுத்தை மாட்டும்போது ஆசாரி தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எந்தப் பக்கம் என்று கேட்கிறார். அண்ணன் போட்டபடியே போடச் சொல்வதுதான் முறை என்று எனக்குப் பட்டது, ஆனால் வாய் வரவில்லை. பேத்தி தகட்டை வாங்கிப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எழுத்துக்குள் இருந்த அழுக்கைத் தேய்த்தாள். எழுத்து வெளியே தெரியும்படி வைத்து, நான்கு திருகுகளையும் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பிறகு கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டு, கிதார் வருகிற இடத்தில் நிறுத்தி, இரண்டு ஸ்வரம் எடுத்தாள். மூன்றாவது பிசகிற்று. மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டாள்.